பக்கத்து நிரை

அந்த அக்காவுக்கு என் பெயர் தெரியாது. ஏழு வருடம் அவருடைய மரங்களும் என்னுடைய மரங்களும் ஒரே வாய்க்காலின் இரண்டு கரைகளில் நின்றன. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது எனக்கு இரண்டு ஆள் தள்ளித்தான் நிற்பார். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். இருந்தும் என் பெயர் அவர் மண்டையில் தங்கவே இல்லை. "ஏ, பக்கத்து நிரை" என்றுதான் கூப்பிடுவார். நிரை என்றால் ஒருவர் பால் வெட்டும் ரப்பர் மரங்களின் வரிசை. என்னை என் மரங்களை வைத்துத்தான் அவருக்குத் தெரியும்.

அவர் பெயரை நானும் எழுதப் போவதில்லை. அவர் மகள் இருக்கிறாள். அவளைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை.

இப்போது நான் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கூண்டு துடைப்பது, தண்ணீர் வைப்பது, தீனி போடுவது. ஆறாம் வகுப்பு படித்தவனுக்கு அதற்கு மேல் அங்கே வேலை இல்லை. அங்கே ஒரு பெண் டாக்டர் இருக்கிறார். தமிழ்ப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பலகையால் செய்த சந்து சந்தான ஒரு பெட்டிக்குள் எலியை விடுவார். மறுகோடியில் தீனி இருக்கும். சில எலிகள் மூன்றாம் தடவையே நேராக ஓடிப்போய்த் தின்னும். ஒன்றிரண்டு, முப்பது தடவை விட்டாலும் முதல் தடவை வந்த மாதிரியே மூலையில் நின்று மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும்.

"இது மக்கு எலி டாக்டர்" என்றேன் ஒருநாள்.

"மக்குன்னு சொல்லாதீங்கண்ணே" என்றார். "வீட்ல பாலுக்கு உறை ஊத்துறோம்ல? கொஞ்சூண்டு மோரு, மொத்தப் பாலும் தயிராயிடும். அந்த மாரின்னு வச்சுக்குங்க. மூளைக்குள்ளயும் கொஞ்சூண்டு இருந்து பெரிய வேலை செய்யிற பொருள் இருக்கு. நொதின்னு பேரு. ஒரு எலிக்கு அது கூட இருக்கு, ஒரு எலிக்குக் கொறச்சலா இருக்கு. கத்துக்கறதுலயும் ஞாபகம் வச்சுக்கறதுலயும் அதுக்கு ஒரு பங்கு இருக்கும்போல. அதத்தான் பாத்துட்டு இருக்கேன். இதே எலிய வாசனை காட்டி விட்டுப் பாருங்க, கெட்டிக்கார எலிய எல்லாம் தோக்கடிச்சிடும்."

எனக்குத் தயிரைவிட ரப்பர் பால்தான் சட்டென்று புரிந்தது. தோட்டத்து ஸ்டோரில் ஆசிட் ஊற்றினால்தான் பால் உறையும். ஆனால் சில மரத்துப் பால், யாரும் ஒன்றும் ஊற்றாமலேயே, மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்திலேயே உறைந்துவிடும். அதற்கு அடுத்த மரத்துப் பால் மதியம் வரை தண்ணீராகவே இருக்கும். ஒரே மண், ஒரே மழை, வெட்டியதும் ஒரே ஆள். உள்ளே என்னவோ வேறு.

அந்த எலியைக் கையில் எடுத்துக் கூண்டில் விட்டபோது எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு பல நாள் அந்த ஞாபகம் போகவில்லை.

தோட்டத்தில் இருந்த காலத்தில் அவருக்கு நாற்பது வயது இருக்கும். குட்டையான உருவம். புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, கைலி, தலையில் பால் கறை ஏறி விறைத்துப்போன துணி. புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் ரயில் போட என்று கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். ஒரே மகள். நடக்கும்போது கையைச் சும்மா வைக்க மாட்டார். தாண்டிப் போகிற ஒவ்வொரு மரத்தையும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போவார்.

அவருடைய மறதி தோட்டம் முழுக்கப் பிரசித்தம். பெயர் மறக்கும். முகம் மறக்கும். காலையில் கொடுத்த சேதி பகலில் மறக்கும். அவசரகாலம் வந்தபின் அது இன்னும் பெரிய தொல்லையாகிவிட்டது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி பருப்பு கொடுத்துவிடக் கூடாது என்று, சிதறிக் கிடந்த லயங்களை, அதாவது எங்கள் வரிசை வீடுகளை, எல்லாம் பிரித்து, எங்கள் எல்லாரையும் ஒரே முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். புது லயங்கள் எல்லாம் ஒரே அச்சு. ஒரு நாள் சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்தார். தலைத்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். பலகையில் உட்கார்ந்தார். பிறகு அடுப்படியில் நின்ற என் மனைவியைப் பார்த்து, "யாரும்மா நீ? எங்க வீட்ல என்ன பண்ற?" என்றார்.

என் மனைவி அப்போது ஐந்து மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, இது எங்க வீடு. ஒங்க வீடு அடுத்த லயம்."

"அப்டியா? அடுப்பு தெச மாறி இருக்கேன்னு அப்பவே நெனச்சேன்." எழுந்திருக்கவில்லை. "சரி, வந்தது வந்துட்டேன். ஒரு வாய் டீ ஊத்து."

வேலிக் கதவில் காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரர் ஒவ்வொரு நாளும் அடையாளக் கார்டு கேட்பார். கார்டு இல்லாவிட்டால் வெளியே விடமாட்டார்கள். சில நாள் பிடித்துக்கொண்டும் போவார்கள். அக்கா இரண்டு தடவை மறந்து வந்து வெயிலில் நின்றார். மகள் ஒரு துணிப்பை தைத்து, கார்டை அதில் போட்டு, கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு கார்டு கழுத்தில் இருப்பதை அக்கா மறந்தார். சட்டையைத் தடவுவார், மடியைத் தடவுவார், பால் வாளிக்குள் எட்டிப் பார்ப்பார். போலீஸ்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, "சித்து லா, மாச்சிக், சித்து!" என்பார். அங்கேதான் அம்மா, அங்கேதான் என்று அர்த்தம். பின்னால் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்போம்.

"வல்லாரக் கீர சாப்புடும்மா, ஞாபகம் நிக்கும்" என்றார் மண்டோர். எங்களை மேய்க்கிறவர் அவர்தான். கெட்டவர் இல்லை. வாய் மட்டும் பெரிசு.

"பறிச்சேன் மண்டோரே. எங்க வச்சேன்னு தெரியல."

இதைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டம் வரை சிரித்தார்கள்.

ஆனால் மரம் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். தன் நிரையில் இருந்த முந்நூற்றுச் சொச்ச மரத்தையும் அவர் தனித்தனியாக அறிவார். எது தாமதமாகச் சொட்டும், எதற்கு மழைக்குப் பிறகு பட்டை அழுகும், எதில் பழைய ஆள் நாலு வருடத்துக்கு முன்னால் காயம் பண்ணி வைத்தான், எல்லாம் தெரியும். தன் மரம் மட்டும் இல்லை. வெட்டிய கோட்டைப் பார்த்தே யார் கை என்று சொல்லுவார். பால் வெட்டுவது ஒரு கையெழுத்து மாதிரி. ஒருவர் ஆழமாகத் தொடங்கி மேலோட்டமாக முடிப்பார். ஒருவர் நடுவில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு விடுவார். பட்டையில் அது அப்படியே இருக்கும். நம் கண்ணுக்குத்தான் படாது.

ஒரு தடவை இரண்டு பெண்களுக்குள் சண்டை. ஒருவர் லீவு போட்ட நாளில் அவர் மரத்தை மற்றவர் வெட்டியிருந்தார். யார் காயம் பண்ணியது என்று தெரியவில்லை. மண்டோர் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா பட்டையில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்தார்.

"இது இழுத்து நிறுத்துற கை. அந்தப் பொண்ணுதான்."

"எந்தப் பொண்ணு?"

"பேரு வரல. எடது காலச் சாச்சு நடக்குமே, அது."

சரியாக இருந்தது. அதிலிருந்து பட்டைக் காயம் பற்றி எந்த வழக்கு வந்தாலும் மண்டோர் அவரைத்தான் கூப்பிடுவார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்கும் தெரியும். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை காதுக்கும் போயிருந்தது.

என் கையைப் பற்றியும் ஒரு நாள் சொன்னார். வாய்க்காலைத் தாண்டி வந்து என் மரத்தைப் பார்த்துவிட்டு, "பக்கத்து நிரை, நீ முடிக்கிற எடத்துல கத்தியத் தூக்குற. வாலு மாரி நிக்குது பாரு. பால் அங்கதான் வழிஞ்சு வீணாப் போவுது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பேச ஆரம்பிச்சு பாதியில முழுங்குவியே, அது மாரி" என்றார்.

அப்போது அங்கே வந்த மண்டோர், "சரியாச் சொன்னா பாருய்யா!" என்று தொடையில் தட்டினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த வாலை எடுத்துவிட எவ்வளவோ முயன்றேன். கடைசி அங்குலத்தில் மணிக்கட்டு தானாகத் தூக்கிக்கொள்ளும்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் மரம் வெட்டுவதால் ஒவ்வொருவருக்கும் இரண்டு இடத்தில் மரம் இருக்கும். அன்று எனக்கு வாய்க்கால் பக்கம். அக்கா முந்தின வாரம் மகளுக்காக ஒரு நாள் லீவு போட்டதில் அவர் முறை தள்ளிப்போய், அன்று அவர் மேட்டுப் பக்கம் போயிருந்தார். காலை ஏழு மணி இருக்கும். பின்னால் இலை நொறுங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். இரண்டு பேர். ஒருவன் சீனன், துப்பாக்கி வைத்திருந்தான், பேசவே இல்லை. மற்றவன் நம் ஆள், என் வயது.

"சத்தம் போடாத தம்பி" என்று காடு வெட்டுகிற பெரிய பாராங் கத்தி ஒன்றை என் கையில் கொடுத்தான். "தொரைக்கு நட்டம் வரணும். மரத்த வெட்டிப் போடு. சீவுற எடத்துல வெட்டு. இனிமே பாலே வரக் கூடாது."

"அண்ணே, எம் பொண்டாட்டி மாசமா இருக்கு."

"தெரியும். ஒன் வீடும் தெரியும்." பிறகு வாய்க்காலைக் காட்டினான். "ஒன் மரமா, அந்தாண்ட இருக்கிற மரமா? நீயே சொல்லு. ஒன் மரத்த வெட்டுனா மொதல்ல ஒன்னத்தான் கேப்பானுங்க."

கையை நீட்டினேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

முதல் மரத்தில் என் கை நடுங்கியது. வெட்டு வழுக்கிவிட்டது. அதே இடத்தில் இன்னொரு தடவை வெட்டினேன். கட்டை வரை போய்விட்டது. பால், நான் அதுவரை பார்க்காத வேகத்தில், கோட்டில் நிற்காமல் மரத்தின் உடம்பெல்லாம் வழிந்தது. அடுத்தடுத்த மரங்களில் கை பழகிவிட்டது. அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஏழாவது மரத்தில்தான் கவனித்தேன். பாராங் கத்தியால் வெட்டிய வெட்டு. ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் அந்த வால். எட்டாவதில் வேண்டுமென்றே அழுத்தி முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. பதினெட்டாவது மரத்தில் ரோட்டுப் பக்கம் லோரி சத்தம் கேட்டது. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மிரட்டி வெட்ட வைத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் வீட்டுக்கு வருவார்கள் என்று பயம். சொல்லாமல் பிடிபட்டால் போலீஸ். அந்த நாளில் காட்டுக்காரர்களோடு சம்பந்தம் என்று பிடித்தால் விசாரணை கிடையாது. முகாமில் போடுவார்கள், இல்லை என்றால் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்கள். நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பால் நிறுக்கும் இடத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு சாயங்காலம். பிறகு விடிந்தபின். நேரம் ஆக ஆக, ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது.

பார்த்த ஆள் யாரும் இல்லை. ஆனால் பார்க்காமலேயே சொல்லக்கூடிய ஒரே ஆள், மறுநாள் காலையில் அந்த மரங்களிடம்தான் வரப்போகிறார்.

மறுநாள் நான் மேட்டுப் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. அக்கா அழவில்லையாம், சத்தம் போடவில்லையாம். மண்டோர் போனபோது, வாய்க்கால் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி மரத்தின் வெட்டுகளில் அப்பிக்கொண்டிருந்தாராம். பதினெட்டு மரத்திலும் அப்பி முடித்துவிட்டாராம்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக்காரர். எங்கள் பகுதியில் வேலை செய்த முப்பது பேரையும் வாய்க்கால் கரையில் வரிசையாக நிறுத்தினார்கள். கிராணிதான் மொழிபெயர்த்தார். முந்தின நாள் வாய்க்கால் பக்கம் வெட்டியவர்களைக் கேட்டபோது, எதுவும் பார்க்கவில்லை என்று மற்றவர்களோடு நானும் சொன்னேன்.

"ஏன் மண்ணப் பூசுனேன்னு கேக்குறாரு."

"காயத்தத் தொறந்து போடலாமாங்க?" என்றார் அக்கா.

இன்ஸ்பெக்டர் ஒரு போலீஸ்காரரை விட்டுத் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவச் சொன்னார். யார் கை என்று சொல்லும் பெண் இவர்தான் என்று துரையே அவரிடம் சொல்லியிருந்தார். அக்காவை முதல் மரத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு மரத்திலும் நின்றார். விரலை வைத்தார். மேலிருந்து கீழே இழுத்தார். விரல் கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி நிற்பது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பதினெட்டு தடவை அதைப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் நின்றவர், "ஏன்யா ஒதறுற? காய்ச்சலா?" என்றார்.

அக்கா திரும்பி வந்தார். எங்கள் வரிசையைப் பார்த்தார். அவருக்கு முகம் தெரியாதே என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த ஒரே தைரியம் அதுதான்.

"யாரு கை?" என்றார் கிராணி.

"தெரியலைங்க. மறந்துபோச்சு."

மண்டோருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, மரத்துல ஒனக்கு மறதியா?"

"மறதின்னா எல்லாத்துலயும் மறதிதான மண்டோரே. மரத்துக்கு மட்டும் தனியா வச்சிருக்காங்களா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கார்டு தேடும் கதை, வல்லாரைக் கதை எல்லாம் அந்தச் சிரிப்பில் இருந்தது. கிராணியும் சிரித்துக்கொண்டே, இவள் தன் வீட்டையே மறக்கிறவள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. யார் கையும் இல்லை என்றால் அது இவள் கையாகத்தான் இருக்க வேண்டும், மண்ணைப் பூசி மறைத்ததும் இவள்தானே என்றார். அக்காவை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் சட்டையைத் தடவி, மடியைத் தடவி, கார்டைத் தேடினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கோல சிலாங்கூர் லாக்கப்பில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அவர் மகளுக்கு என் மனைவிதான் சோறு கொடுத்தாள். "பாவம்ங்க, அந்த அக்கா ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நெனைக்காது" என்பாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். ஐந்தாம் நாள், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துவிட்டு ஆபீஸ் வாசலுக்குப் போனேன். கிராணி தலையை நிமிர்த்தி, "என்னப்பா?" என்றார்.

"ஒரு நாள் லீவு வேணுங்கய்யா" என்றேன்.

கொடுத்தார். அந்த நாள் முழுக்க வீட்டில் படுத்துக் கிடந்தேன்.

அக்கா திரும்பி வந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அங்கே என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்று யார் கேட்டாலும், "மறந்துபோச்சு" என்றார். அது எந்த மறதி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தோட்டத்தில் அவருக்குப் பால் வெட்டு வேலை போய்விட்டது. நம்ப முடியாத ஆள் கையில் கத்தி கொடுக்கக் கூடாது என்றார்களாம். புல் வெட்டுகிற கும்பலில் சேர்த்தார்கள். அவருடைய நிரைக்குப் புது ஆள் வந்தார். ஒரு நாள் பிரட்டு முடிந்து போகும்போது என் பின்னால் குரல் கேட்டது.

"பக்கத்து நிரைதான நீ?"

"ஆமாக்கா."

"எம் மரத்துல மண்ணு காஞ்சு உதுந்திருக்கும். பூசி வுடு."

அவ்வளவுதான். என்னை ஒரு மாதிரியும் பார்க்கவில்லை. ஒரு பொழுதும் பார்த்ததில்லை. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் சேறு குழைத்துப் பூசினேன். புது ஆள், "ஒனக்கு ஏன்யா இந்த வேல?" என்று கேட்டார். சும்மா என்றேன். அடுத்த வருடம் அக்காவின் மகளுக்கு அம்பாங் பெச்சா பக்கம் லோரி ஓட்டும் ஒருவரோடு கல்யாணம் ஆனது. அக்காவும் அவர்களோடு போய்விட்டார். நான் பூசிக்கொண்டுதான் இருந்தேன். பல வருடம் கழித்து அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும் வரைக்கும்.

எலிகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, எலியைக் கொன்று மூளையை எடுக்க வேண்டும். மூலையில் நின்று மீசை ஆட்டும் அந்த எலியின் முறை வருவதற்கு முந்தின நாள் டாக்டரிடம் கேட்டேன்.

"டாக்டர், ஒரு ஆளுக்கு மனுசங்க எல்லாம் மறந்து, மரம் மட்டும் ஞாபகம் இருக்குமா?"

"இருக்கலாம்ணே. எல்லா ஞாபகமும் ஒரே டப்பாவுல இல்ல."

"சரி. ஞாபகம் இருக்கிறத மறந்துட்டேன்னு சொல்ற ஆளு இருந்தா, அதயும் அளக்க முடியுமா?"

"அதுக்கு இன்னும் கருவி வரலண்ணே" என்றார்.

அந்த வார லீவில், அக்கா மகளோடு இருந்த அம்பாங் பெச்சாவுக்குப் போக, கோல குபு பாருவுக்குப் பஸ் ஏறினேன். அக்காவிடம் போய் என்ன சொல்வது என்று பஸ்ஸில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். நான்தான் வெட்டினேன், என்னை மன்னியுங்கள். இதற்கு மேல் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி முப்பது தடவை சொல்லிப் பார்த்தேன்.

மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அக்காவுக்குத் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டது. கண் மட்டும் அப்படியே இருந்தது.

"அம்மா, நம்ம பழைய எஸ்டேட்டு ஆளும்மா. வாய்க்கா ஓரத்துல..."

"அப்டியா? வாங்க, உக்காருங்க. எந்த எஸ்டேட்டு?"

சொன்னேன். டீ வந்தது. குடித்து முடித்தபின், "டீ குடிச்சீங்களா? எந்த எஸ்டேட்டு?" என்றார். திரும்பவும் சொன்னேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தது அங்கேயே நின்றது. மறந்துபோன ஒருவரிடம் போய் மன்னிப்புக் கேட்பது, அவர் மேல் ஒரு பாரத்தை ஏற்றுவது மாதிரி இருக்காதா என்று தோன்றியது. அல்லது வழக்கம்போல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டு ரப்பர் மரம் நின்றது. யாரோ எப்போதோ நட்டது. அக்கா அதை இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார். "இத வித்து ஒண்ணும் ஆவப்போறதில்ல. சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள் மகள். அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் போனேன். இரண்டு மரம் வெட்டியதும் அவருக்குத் தோள் வலித்தது.

"குடுங்கக்கா, நான் வெட்டுறேன்."

கத்தியை வாங்கினேன். பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் கை அதன் பாட்டுக்கு இறங்கியது. பட்டை சுருள் சுருளாக விழுந்தது. கடைசி அங்குலத்தில் மணிக்கட்டு தூக்கிக்கொண்டது.

அக்கா முன்னால் வந்தார். கோட்டில் விரலை வைத்து, மேலிருந்து கீழே இழுத்து, வாலில் நிறுத்தினார்.

"பக்கத்து நிரை" என்றார்.

பால் சொட்டத் தொடங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பதினெட்டும் தேறுச்சா?"

"மூணு போயிருச்சிக்கா."

"எந்த மூணு?"

"வாய்க்கா வளையிற எடத்துல ரெட்டையா நின்னுச்சே, அதுல ஒண்ணு. கல்லுக்குப் பக்கத்துல இருந்தது ஒண்ணு." மூன்றாவதும் எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

"மொத மரம்" என்றார் அக்கா.

"ஆமாக்கா. மொத மரம்."

விரலை மரத்திலிருந்து எடுத்து, ஒட்டியிருந்த பாலைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"நெனச்சேன்" என்றார். "அதுலதான் ஒங் கை ரொம்ப நடுங்கியிருந்துச்சு. ரெண்டு தடவ வெட்டியிருந்த."